பன்னிரண்டு பேருக்கு ஒரு சீஸ் தட்டு: எதை வாங்குவது, எதை விடுவது?

கோயம்புத்தூரிலிருந்து இங்கிலாந்தில் ரெடிங்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, வருகிற சனிக்கிழமை மாலை கூட வேலை பார்க்கிற பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வருகிறார்கள், பிரியாணிக்கு முன்னால் சீஸும் கிராக்கரும் வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். மூன்று பேர் சுத்த சைவம், ஒருவர் கர்ப்பிணி, ஒருவருக்குக் கோதுமை ஆகாது, கையில் 40 பவுண்ட். சூப்பர்மார்க்கெட்டில் சீஸ் அடுக்குக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எந்தச் சீஸ் என்பதைவிட, இந்த ஊர்க்காரர்கள் முன்னால் எதையாவது தப்பாக வைத்துவிடுவோமோ என்பதுதான் உங்கள் கவலை. லண்டன் புறநகர் சூப்பர்மார்க்கெட் ஒன்றின் சீஸ் கவுன்ட்டரில் ஒன்பது வருடம் நின்றேன், அதை மூடிய பிறகு ஒரு சின்னச் சீஸ் கடையில் ஆறு வருடமாக இருக்கிறேன். நான் பார்த்தவரை எல்லோரும் தினம் சாப்பிடுகிற கெட்டிச் சீஸான செடாரைத் தாண்டினால் இந்த ஊர்க்காரர்களுக்கும் தடுமாற்றம்தான். பாதிப் பேர் கவுன்ட்டருக்கு வந்து விரலை நீட்டி, பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, "அந்த நீலம் ஓடினது" என்றுதான் கேட்பார்கள்.

முதலில் கணக்கு. பின்னால் பிரியாணி இருப்பதால் ஆளுக்கு 50 கிராம் போதும், பன்னிரண்டு பேருக்கு 600 கிராம். சீஸ்தான் சாப்பாடு என்றால் ஆளுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும், அது வேறு கதை. இந்த 600 கிராமை மூன்று சீஸாகப் பிரித்து, தலா சுமார் 200 கிராம் ஒரே துண்டாக வாங்குங்கள். ஏழு வகை வாங்கி, எல்லாவற்றிலும் தீப்பெட்டி அளவு வைத்தால் தட்டு வைத்த நேரம் பார்க்க வடிவாகத்தான் இருக்கும், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த தட்டு மாதிரி ஆகிவிடும். பெரிய துண்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சின்னத் துண்டு சீக்கிரம் காய்ந்து ஓரம் வியர்க்கும், பெரியது தாக்குப்பிடிக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி: ஒன்று கெட்டி, ஒன்று மெத்து, ஒன்று நீலம், அதாவது உள்ளே நீலப் பூஞ்சணம் ஓடியது. மூன்று வகை செடாரை வைத்தால் சாதத்தோடு மூன்று வகை சாம்பார் வைத்தது போலத்தான்.

இனி சைவம். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தயிருக்கு நாம் உறைமோர் விடுகிற மாதிரி, சீஸுக்குப் பாலைத் திரட்ட ரென்னட் என்ற நொதி வேண்டும். பழைய முறையில் அதைப் பால்குடி மறக்காத கன்றின் நான்காவது இரைப்பையிலிருந்து எடுப்பார்கள், அதற்காகக் கன்று உயிரோடு இருக்காது. இப்போது நுண்ணுயிரிகளை வைத்து நொதிக்கச்செய்து எடுக்கிற நொதியும் இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு 1990இல் அனுமதி கிடைத்தது, இன்று இங்கே சூப்பர்மார்க்கெட் செடாரில் பெரும்பாலும் இந்த மாதிரி சைவ ரென்னட்தான். ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா படானோ, கிருயேர், ரோக்ஃபோர் இவையெல்லாம் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உள்ளவை, செய்முறையும் எழுதிவைத்தபடிதான் இருக்க வேண்டும், அந்தச் செய்முறையில் விலங்கு ரென்னட் உண்டு. எந்தக் கம்பெனி செய்தாலும் இவை சைவம் ஆகாது. பாக்கெட்டின் பின்பக்கம் பால், உப்பு என்று மட்டும் போட்டிருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். சீஸ் செய்யத் தேவையான நொதியைப் பட்டியலில் எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கிடையாது. சைவர்களுக்கு ஏற்றது என்று தனியாக ஒரு வரியோ V அடையாளமோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் சைவம் இல்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். கவுன்ட்டரில் சேர்ந்த முதல் வருடம், பெருமையாக ஒரு பெரிய பார்மிஜானோ துண்டை என் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன், அன்று வெள்ளிக்கிழமை. சித்தி நல்ல ருசியென்று இரண்டு தரம் எடுத்துச் சாப்பிட்டார். ரென்னட் என்றால் என்ன என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அடுத்த மாதம்தான். இன்றுவரை சித்தியிடம் சொல்லவில்லை.

கர்ப்பிணி விஷயத்தில் நான் மருத்துவன் இல்லை. இங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் சொல்வதை அப்படியே தருகிறேன், அவருடைய மிட்வைஃப், அதாவது பேறுகாலத்தில் கவனிக்கிற செவிலி, வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பயம் லிஸ்டீரியா என்ற கிருமியைப் பற்றியது, ஈரப்பதம் அதிகமுள்ள மெத்தென்ற சீஸில் அது வளரும். ஆகவே வெளியே வெள்ளைப் பூஞ்சணத் தோல் உள்ள பிரீ, கேமம்பேர், தோலோடு வரும் ஆட்டுப்பால் சீஸ், மெத்தென்ற நீல வகைகளான கோர்கன்சோலா, ரோக்ஃபோர் இவை வேண்டாம், ஆவி பறக்கச் சூடாக்கிச் சமைத்திருந்தால் மட்டும் சாப்பிடலாம். செடார் மாதிரி கெட்டிச் சீஸ் எல்லாம் சாப்பிடலாம். பாஸ்சுரைஸ் செய்த, அதாவது கிருமி சாகச் சூடாக்கிய பாலில் செய்ததென்றால் ஈடம், ஸ்டில்டன், ஃபெட்டா, ஹலூமி, கிரீம் சீஸ், நம் பனீர் எல்லாமே சரி. ஸ்டில்டனில் நீலப் பூஞ்சணம் இருக்கிறதே என்று நிறையப் பேர் தயங்குவார்கள். ஆனால் பாஸ்சுரைஸ் செய்த பாலில் செய்தால்தான் அதற்கு ஸ்டில்டன் என்ற பெயரே வைக்க முடியும்.

சரி, மூன்றையும் சொல்கிறேன். கெட்டிக்கு செடார். சலிப்பான பதில் என்று தெரியும், இருந்தாலும் எல்லோரும் சாப்பிடுவது அதுதான், தட்டில் முதலில் தீர்வதும் அதுதான், அதனால் மூன்றில் இதை மட்டும் 250 கிராமாக எடுங்கள். 'மைல்ட்' வேண்டாம், அது சான்ட்விச்சுக்கு. 'எக்ஸ்ட்ரா மெச்சூர்' அல்லது 'வின்டேஜ்' என்று போட்டதை எடுங்கள். துண்டில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி தெரியும், கடித்தால் நறுக்கென்று சர்க்கரைக் கல் மாதிரி அகப்படும். ஒரு தாத்தா அதைக் கண்ணாடித்தூள் என்று நினைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் கத்தி முனையால் தோண்டி, ஒரு காகிதத்தில் மடித்துச் சாட்சிக்குக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தார். அது கால்சியம் லாக்டேட் என்ற உப்பு. சீஸ் முதிரும்போது தானாகவே படிகமாகும். அதை வாயில் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார். உங்கள் விருந்தாளிகளில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள், சீஸைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிடலாம். பால் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று சொல்கிறவர்களும் நன்றாக முதிர்ந்த செடாரை அனேகமாகத் தைரியமாகச் சாப்பிடலாம். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் மோரோடு வடிந்துபோனது போக மீதியைப் பாக்டீரியா தின்றுவிடும். பாலே ஒவ்வாமை என்பவருக்கு இது பொருந்தாது, அவருக்கு எந்தச் சீஸும் ஆகாது.

நீலத்துக்கு ஸ்டில்டன். சக்கரமாகச் செய்து, சில வாரம் கழித்து எஃகு ஊசிகளால் குத்துவார்கள், அந்த ஓட்டைகள் வழியே காற்றுப் போனால்தான் உள்ளே நீலம் ஓடும், துண்டை உற்றுப்பார்த்தால் ஊசி போன தடமே நேர்கோடாகத் தெரியும். டார்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்காம்ஷர் ஆகிய மூன்று கவுன்ட்டிகளில், நம் மாவட்டம் மாதிரி, மட்டுமே இதைச் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால் ஸ்டில்டன் என்ற ஊர் இந்த மூன்றிலும் வராது. லண்டனிலிருந்து வடக்கே போகும் பழைய குதிரைவண்டிப் பாதையில் இருந்த அந்த ஊர்ச் சத்திரத்தில் விற்றார்கள், அதனால் வந்த பெயர். அந்த ஊர்க்காரன் இன்று தன் வீட்டில் செய்தால் ஸ்டில்டன் என்று போட்டு விற்க முடியாது. உங்கள் சைவ விருந்தாளிகளுக்காக இங்கேயும் லேபிளைப் பாருங்கள், எல்லா ஸ்டில்டனும் ஒரே ரென்னட்டில் செய்வதில்லை. நீலம் யாருக்குமே பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். பன்னிரண்டு பேரில் நாலு பேர் தொடவே மாட்டார்கள், அது சகஜம், தொடுகிறவர்கள் அதையே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆகவே 150 கிராம் போதும்.

மெத்துக்கு பிரீ. கர்ப்பிணி இருக்கிறாரே, பிரீயையே விட்டுவிடலாமா என்றால், அது உங்கள் விருப்பம். நான் விட மாட்டேன். அதைத் தனித்தட்டில், தனிக்கத்தியோடு, கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் வந்ததும் அருகில் போய் மெதுவாக, இந்தத் தட்டு உங்களுக்கு ஆகாது, மற்ற இரண்டும் சரி என்று சொல்லிவிடுவேன். கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல்ல வேண்டாம், அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியா என்று நமக்குத் தெரியாதே. இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் பூண்டும் மூலிகையும் கலந்த கிரீம் சீஸ் ஒரு டப்பா வாங்கி வைத்துவிடுங்கள், பாஸ்சுரைஸ் செய்ததா என்று பார்த்தால் போதும். பிரீ வாங்கினால், சைவ அடையாளம் உள்ள, பாஸ்சுரைஸ் செய்த சாமர்செட் பிரீயைத் தேடுங்கள். கட்டைவிரலால் நடுவில் லேசாக அழுத்துங்கள், பழுத்த மாம்பழம் மாதிரி நெகிழ்ந்துகொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் இன்னும் ஆகவில்லை, அம்மோனியா வாடை மூக்கில் அடித்தால் பதம் தாண்டிவிட்டது. வெள்ளைத் தோலைச் சாப்பிடலாம், அது நல்ல பூஞ்சணம். கௌடாவின் மேலுள்ள மெழுகையும் செடாரைச் சுற்றிய துணியையும் மட்டும் சாப்பிட வேண்டாம், சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் மிஞ்சினால் நாலாவதாக கார்னிஷ் யார்க் ஒரு சின்னத் துண்டு. காஞ்சொறி மாதிரி தொட்டால் அரிக்கிற நெட்டில் இலையால் சுற்றிய சீஸ், இலை இப்போது அரிக்காது, சாப்பிடலாம். 1980களில் அதைச் செய்து விற்ற தம்பதியின் குடும்பப் பெயர் கிரே, அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டதுதான் யார்க். பேச்சை ஆரம்பித்துவைக்க இதைவிட நல்ல சீஸ் எனக்குத் தெரியாது.

கிராக்கருக்கு வருகிறேன், சீஸுக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சீஸிலேயே உப்பும் புளிப்பும் கொழுப்பும் இருக்கிறது. கிராக்கர் அதைத் தாங்கிப்பிடிக்கிற கை மட்டும்தான். ரோஸ்மேரி போட்டது, வெங்காயம் போட்டது, மிளகு தூவியது என்று அலமாரியில் வரிசையாக இருக்கும், தனியாகத் தின்றால் அமிர்தமாக இருக்கும், அதனாலேயே அவை வேண்டாம். என் சோதனை இதுதான்: ஒரு கிராக்கரைச் சும்மா சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டாவதை எடுக்கக் கை போனால் அது சீஸோடு சண்டை போடும். வாட்டர் பிஸ்கட் என்று விற்பார்கள், மாவும் தண்ணீரும் கொஞ்சம் கொழுப்பும்தான், கப்பலில் கொண்டுபோன கட்டை பிஸ்கட்டின் வாரிசு. கார்ஸ் கம்பெனி கார்லைல் நகரில் 1831இல் ஆரம்பித்தது, இன்றும் அந்தப் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். பிரீக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. செடாருக்கு ஓட்ஸில் செய்கிற ஸ்காட்லாந்து ஓட்கேக் பிஸ்கட்டோ சாதாரண கிரீம் கிராக்கரோ. கிரீம் கிராக்கர் 1885இல் டப்ளினில் ஜேக்கப் கம்பெனி கொண்டுவந்தது, பெயரில் கிரீம் இருக்கிறதே தவிர உள்ளே கிரீம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா தேத்தண்ணியோடு தருவது இதுதான், வெள்ளைக்காரன் விட்டுப்போய் இத்தனை காலம் ஆகியும் இலங்கை விடாத பழக்கம். இங்கே விருந்தில் செடார் வைத்த கிரீம் கிராக்கரைக் கடிக்கும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல் வாசனை வரும், அது உங்களுக்கு வராது, தைரியமாக வாங்குங்கள். ஸ்டில்டனுக்கு டைஜஸ்டிவ் பிஸ்கட். இனிப்புப் பிஸ்கட்டா என்று முகம் சுளிக்காதீர்கள், அந்த லேசான இனிப்பும் நீலத்தின் உப்பும் சேர்ந்தால் வெல்லமும் உப்புக்கடலையும் மாதிரி. இது என் நாக்கு சொல்வது, விதி அல்ல.

ஆளுக்கு ஐந்தாறு என்று கணக்கு வைத்து மூன்று வகையிலும் ஒவ்வொரு பாக்கெட் எடுங்கள், ஒன்று கூடுதலாகவே இருக்கட்டும், சீஸ் மிஞ்சலாம், கிராக்கர் தீர்ந்துபோகக் கூடாது. பாக்கெட்டை முன்கூட்டியே பிரித்து அடுக்கிவைக்காதீர்கள், நமுத்துப்போகும், பக்கத்தில் திராட்சை இருந்தால் இன்னும் சீக்கிரம். நமுத்துவிட்டால் 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம், ஆறியதும் பழையபடி மொறுமொறுப்பாகும். கோதுமை ஆகாதவருக்குத் தனிக் கிண்ணத்தில் வெறும் அரிசி கிராக்கர். ஓட்ஸில் கோதுமை இல்லைதான், ஆனாலும் வயலிலும் மில்லிலும் கலந்துவிடும், அதனால் கோதுமையிலுள்ள புரதமான குளூட்டன் இல்லை என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டுமே அவருக்கு ஓட்கேக் கொடுக்கலாம். அவருக்கு இருப்பது குளூட்டன் குடலைக் கெடுக்கிற சீலியாக் நோயா, சும்மா தவிர்க்கிறாரா என்று முதலே கேட்டுவிடுங்கள். நோய் என்றால் பிஸ்கட் தூள் ஒட்டிய கத்திகூட ஆகாது, மூன்று சீஸிலும் அவருக்கென்று முதலிலேயே துண்டு வெட்டி எடுத்துவைத்துவிட வேண்டும். தட்டையும் முறுக்கும் கிராக்கருக்குப் பதிலாக வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெயும் பூண்டும் மிளகாயும் சீஸை அமுக்கிவிடும், ஆகவே அதன்மேல் வைக்க வேண்டாம். தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள், பீர் குடிக்கிறவர்கள் முதலில் காலி செய்வது அதைத்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கூட வைக்க விதையில்லாத திராட்சை, மெல்லிதாக அரிந்த ஆப்பிள், கொஞ்சம் வால்நட் போதும், கொட்டை ஆகாதவர் உண்டா என்று கேட்டுவிட்டு வையுங்கள். ஸ்டில்டனுக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தேன். செடாருக்கு இந்த ஊர்க்காரர்கள் வெங்காயச் சட்னி ஜாடி வாங்குவார்கள், இனிப்பும் புளிப்புமாக இருக்கும். நான் அந்த இடத்தில் சீனிச்சம்பல் வைக்கிறேன். வெங்காயத்தை நிதானமாக வதக்கிப் புளியும் சீனியும் மிளகாயும் சேர்த்துச் சுண்டவைத்தது, முதிர்ந்த செடாரோடு அது சேருகிற சேர்க்கைக்கு இந்த ஊர்ச் சட்னி எதுவும் கிட்டே வராது. ஒரே ஒரு எச்சரிக்கை, இலங்கைக் கடைகளில் ஜாடியில் விற்கிற சீனிச்சம்பலில் வழக்கமாக மாசிக்கருவாடு இருக்கும். சைவர்களுக்கு என்றால் வீட்டிலேயே மாசி போடாமல் செய்யுங்கள், அரை மணி நேர வேலைதான்.

விருந்தாளிகள் வருவதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சீஸை பிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிரிட்ஜில் கட்டியாகிக் கிடக்கிற நெய்யில் மணம் வருமா? அதே கதைதான், கொழுப்பு இளகினால்தான் வாசனை வெளியே வரும். விலை உயர்ந்த சீஸைக் குளிரக் குளிர வைப்பதைவிட மலிவான சீஸைப் பதமாக வைப்பது மேல். அதுவரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்பக்கம் காய்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றியதாக இருந்தால் பிரித்ததும் வெட்டுமுகத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தரம் சுரண்டிவிடுங்கள், பிளாஸ்டிக் வாடை போய்விடும். வெளியே வைத்து நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, இங்கே கடைகளுக்கும் அதுதான் விதி.

ஒவ்வொரு சீஸுக்கும் ஒரு கத்தி, நீலத்தைத் தொட்ட கத்தி செடாருக்குப் போனால் செடாரும் நீலமாகத்தான் ருசிக்கும். முக்கோணத் துண்டாக வரும் பிரீயின் கூர் மூக்கைக் குறுக்கே வெட்டக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம், நடுப்பகுதிதான் ருசியில் நல்லது, அதை ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குத் தோல்தான் மிஞ்சும், ஆகவே மூக்கிலிருந்து தோல்வரை நீளவாக்கில் வெட்ட வேண்டும். அப்புறம், மூன்றிலும் முதல் துண்டை நீங்களே வெட்டி வைத்துவிடுங்கள். முழுத்துண்டில் முதலில் கத்தி வைக்க எல்லோருக்கும் கூச்சம், நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் முதலில் உட்காரக் கூச்சப்படுகிற மாதிரிதான். பெயரைச் சின்னச் சீட்டில் எழுதி, சைவம் என்றால் அதையும் குறித்துக் குத்திவையுங்கள், பன்னிரண்டு தரம் பதில் சொல்வது மிச்சம்.

மீந்ததை மெழுகுத்தாளில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் செடார் இரண்டு வாரம்கூடத் தாங்கும், பிரீயை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் சீஸ் தோசை கேட்டால் இந்த எக்ஸ்ட்ரா மெச்சூர் செடாரை மட்டும் துருவிப் போடாதீர்கள், நன்றாக முதிர்ந்தது சூட்டில் எண்ணெய் விட்டுத் திரிந்து தோசை முழுக்க வழியும். தோசைக்கு அந்த சான்ட்விச் மைல்டுதான் சரி.